நானே நேரில் கண்டவை

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் டாக்டர் தம்பி, தங்கைகளுக்கு,

ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள், படிப்பவர்களுக்கு உற்சாகம் வருகிற மாதிரி இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலை பார்த்த லட்சணத்தை உங்களில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள். முப்பத்து மூன்று வருஷ அரசாங்க உத்தியோகத்தில் எனக்கு முழுதாகக் கைவந்த ஒரே வித்தை பயப்படுவது. அதைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், மரக்காணத்துக்குக் கொஞ்சம் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய ஒரு ஊரில் எனக்கு முதல் வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம். நான் கோயம்புத்தூர்க்காரன். உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மளிகைக் கடையிலிருந்து என்று சொல்லக்கூடிய ஆள். ஆஸ்பத்திரி என்பது ஓடு வேய்ந்த மூன்று அறை, முன்னால் ஒரு முற்றம், ஒரு கம்பவுண்டர், ஒரு நர்ஸ், அப்புறம் நான். ஊரார் எங்களை நம்பியதும் இதே வரிசையில்தான்.

ஒரு மனிதரை அவர் சம்மதம் இல்லாமல் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க இன்றைக்கு நீங்கள் பல படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் நீங்கள் முணுமுணுப்பதையும் கேள்விப்படுகிறேன். அப்போது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். சொந்தக்காரர் ஒருவர் மனுப் போட வேண்டும். இரண்டு டாக்டர்கள் சான்றிதழ் தர வேண்டும், அதில் ஒருவர் அரசாங்க டாக்டர். மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். மாஜிஸ்திரேட் விரும்பினால் அந்த ஆளை நேரில் பார்க்கலாம், வேண்டாமென்றால் காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடலாம். போனவர் திரும்பி வருவது எப்போது என்பதற்கு அந்தக் காகிதங்களில் எங்கேயும் இடம் கிடையாது.

டாக்டருக்கான படிவத்தில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று, பைத்தியத்துக்கு அடையாளமாக ‘நானே நேரில் கண்டவை’. இன்னொன்று, ‘பிறர் சொல்லக் கேட்டவை’. இரண்டாவது காலியாக இருக்கலாம். முதலாவது இருக்கக் கூடாது.

மனநோய் பற்றி எனக்கு இருந்த ஞானத்தையும் சொல்லிவிடுகிறேன். மாணவனாக இருந்தபோது ஒரு வாரம் அந்த மாதிரி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். நாலு நாள் போனேன், அதில் பாதி கேன்டீனில். மிச்சப் பாதியில் மனதில் தங்கியது ஒரு வயதானவர் மட்டும். வாசற்கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு, வருகிற மாணவர்களிடமெல்லாம் திருச்சி வண்டி எத்தனை மணிக்கு என்று மரியாதையாகக் கேட்பார். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பார்க்க யாரும் வருவதில்லை என்றார்கள். நாங்கள் சிரித்துவிட்டு உள்ளே போனோம்.

இந்தத் தகுதிகளோடு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு தை மாதக் காலையில், கூண்டு வண்டி ஒன்று வந்து முற்றத்தில் நின்றது. முந்தின நாள் பருவம் தப்பிப் பெய்த மழையில் முற்றமெல்லாம் சேறும் தண்ணீருமாக இருந்தது. வண்டியிலிருந்து ஒரு ஆளை இறக்கினார்கள். நாற்பது வயதிருக்கும். இரண்டு கையையும் துண்டால் முன்பக்கம் சேர்த்துக் கட்டியிருந்தது. பெயர் ஏழுமலை, உப்பளத்தில் வேலை. கூட அவர் மனைவி முனியம்மாவும் தம்பி கோவிந்தனும். கோவிந்தன் அதே உப்பளத்தில் மேஸ்திரி. அவன்தான் பேசினான். அண்ணன் ஒரு மாதமாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டு தடவை கழுவெளி ஏரித் தண்ணீருக்குள் கழுத்தளவு போய்விட்டார், இழுத்து வந்தோம். வக்கீல் மனு எழுதிவிட்டார், உங்கள் சான்றிதழ் வேண்டும் என்றான். சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னதை ‘பிறர் சொல்லக் கேட்டவை’யில் இரண்டே வரியில் அடைத்தேன்.

மிச்சம் இருந்தது என் பத்தி. அது வெள்ளையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் கேட்டேன், மாதம் கேட்டேன். பதில் இல்லை. புத்தகத்தில் இருந்தபடி நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். எழுபத்தொன்பதுக்கு அப்புறம் எனக்கே தடுமாறும் என்பதால் அவர் வாயைத் திறக்காதது ஒரு வகையில் நிம்மதிதான். கடைசியில், கட்டை அவிழ்த்து விடுங்கள், என்ன செய்கிறார் பார்ப்போம் என்று உத்தரவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேஜையும் நாலு படிக்கட்டும் இருந்தன.

ஏழுமலை முற்றத்தில் குந்தினார். தேங்கியிருந்த தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். துப்பினார். விரலையும் கட்டைவிரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். தலையைத் தூக்கி வானத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அப்புறம் எழுந்து நின்று ஈர மண்ணை மிதிக்க ஆரம்பித்தார். ஒரே இடத்தில் பத்துத் தடவை. ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி பத்துத் தடவை.

என் பேனா பறந்தது. சேற்றுநீரைச் சுவைக்கிறார்; காரணமின்றித் துப்புகிறார்; வெற்று வானத்தைத் தேடுகிறார்; அர்த்தமில்லாமல் நிலத்தை உதைக்கிறார். எல்லாம் இங்கிலீஷில். நிமிர்ந்து பார்த்தால் மனைவியும் தம்பியும் இதில் விசேஷம் ஒன்றும் இல்லாத மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். அதையும் விடவில்லை: இந்தச் செய்கைகள் அன்றாடம் ஆகிவிட்டதால் உறவினர்கள் வியப்புக் காட்டுவதில்லை. அந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கையெழுத்து, முத்திரை. இன்னொரு சான்றிதழை மரக்காணத்தில் தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டர் கொடுத்தார். அரசாங்க டாக்டர் எழுதியதே போதும் என்று வரிக்கு வரி பார்த்து எழுதிவிட்டாராம். ஆக, ஒரு ஆளை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பரிசோதித்து ஒரே முடிவுக்கு வந்துவிட்டோம்.

வண்டி கிளம்பும் முன் முனியம்மா என் மேஜைப் பக்கம் வந்து, திரும்ப எப்போது வருவார் என்று கேட்டாள். அதெல்லாம் அங்கே பார்த்துச் சொல்வார்கள் என்றேன். அங்கே யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை உப்பளத்தில் காலரா ஊசி போட வேண்டியிருந்தது. நானும் கம்பவுண்டரும் ஊசிப் பெட்டியோடு வரப்பில் நடந்து போனோம். கம்பவுண்டர் அந்தப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, வாய் கொஞ்சம் நீளம். ஒரு பெரிய பாத்தியில் இருபது பேர் வரிசையாக, கையில் ஆளுக்கொரு கோல் ஊன்றிக்கொண்டு, ஈர மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே இடத்தில் பத்துத் தடவை. ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி பத்துத் தடவை. வரப்பில் ஒருவர் குந்தியிருந்தார். வாய்க்கால் தண்ணீரில் விரலை விட்டார், நாக்கில் வைத்தார், துப்பினார், விரலைத் தேய்த்தார், வானத்தைப் பார்த்தார்.

நான் நின்றுவிட்டேன்.

“இவர் என்ன பண்றார்?”

“தண்ணி பாக்கறாரு சார். எவ்ளோ உப்பு ஏறிக்குதுன்னு நாக்குல வச்சா தெரிஞ்சிடும்.”

“வானத்தை எதுக்குப் பாக்கறார்?”

“காத்து எந்தப் பக்கம்னு பாக்க வேணாமா?”

“அவங்கெல்லாம் எதுக்கு மிதிக்கிறாங்க?”

“மழையில ஊறிப்போன பாத்தி சார். மிதிச்சு கெட்டி பண்ணாத்தான தண்ணி நிக்கும். வருசா வருசம் தை மாசம் இதான் வேலை. ஏன் சார், கோயமுத்தூர்ல உப்பு எப்டி வெளையுது?”

என் சான்றிதழ்படி அந்த ஒரு பாத்தியில் மட்டும் இருபத்தோரு பைத்தியங்கள் இருந்தார்கள். கம்பவுண்டரிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் ஊசிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏழுமலைதான் அங்கே தண்ணீர் பார்ப்பதில் பெயர் எடுத்த ஆள் என்றார். அப்புறம் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

“சார், இன்னிக்குதான் கோர்ட்ல மனு வருது. கோவிந்தன் காலைல மொத பஸ்ல போய்ட்டான்.”

பயத்தில் பல ரகம் உண்டு.  பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முதலில் பயந்தது எனக்காகத்தான். பொய்ச் சான்றிதழ் கொடுத்தவன் என்று மெமோ வரும், வேலை போகும், கோயம்புத்தூரில் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் ஓடியது. ஏழுமலை நினைவுக்கு வந்தது கோர்ட்டுக்குப் பஸ் ஏறிப் பாதி வழி போன பிறகுதான். அதன்பின் வேறு எதுவும் நினைவில் நிற்கவில்லை. கதவுக்கு உள்பக்கம் நின்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் என்ன கேட்பார் என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர்தான் பேசவே மாட்டாரே.

மாஜிஸ்திரேட் பலமான ஜலதோஷத்தில் இருந்தார். மனு அவர் முன்னால் பிரித்துக் கிடந்தது. நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

“நேத்து பைத்தியம்னு எழுதிக் கொடுத்தீங்க. இன்னிக்கு இல்லங்கறீங்க.”

“இல்லைன்னு சொல்லலைங்க. எனக்குத் தெரியலைன்னு சொல்றேன்.”

“இதுல எழுதினதெல்லாம் நடந்துதா இல்லையா?”

“நடந்ததுங்க. ஆனா அதுக்கு நான் எழுதின அர்த்தம் இல்லைங்க.”

அவர் என் சான்றிதழை மறுபடி படித்தார். அந்தக் கடைசி வரிக்கு வந்தபோது ஒரு நிமிஷம் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு மெமோவே தேவலை. கோவிந்தனைக் கூப்பிட்டு, மனுவை ஒரு வாரம் தள்ளிவைப்பதாகச் சொன்னார். அவன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

வெளியே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போய், இந்த ஒரு வாரத்துக்குள் அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“அதுக்கு ஃபாரத்துல பத்தி கிடையாது டாக்டர்” என்றார்.

மதியம் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். கூரை வீடு. நடுக்கம்பத்தில் அவரைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. மனிதரை இப்படியா கட்டுவது என்று, கோர்ட்டில் கிடைக்காத வீரத்தை முனியம்மாவிடம் காட்டினேன். அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

“கட்டி வச்சா திட்டறீங்க. அவுத்து வுட்டா தண்ணிக்கு ஓடறாரு. ரெண்டு தபா முடியப் புடிச்சு இழுத்தாந்தேன். மூணாவது தபா எனக்குக் கை எட்டலன்னா, நீங்க வந்து இழுப்பீங்களா? அங்க கொண்டுபோய் பூட்டி வச்சாலும் உசுரோட இருப்பாருன்னுதான குடுத்தோம். அதையும் போய் கெடுத்துட்டு வந்துட்டீங்களாமே.”



கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். முடிச்சு வரவில்லை.  “தள்ளுங்க” என்று சொல்லிவிட்டு முனியம்மா பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவிழ்த்ததும் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள், அவரைத் தாண்டவிடாமல்.

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நடுவில் மேஜை இல்லை.  புத்தகத்தில் இருந்த கேள்வியெல்லாம் முந்தின நாளே தீர்ந்துவிட்டது. கடைசியில், எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததைக் கேட்டேன்.

“நேத்து எங்க முற்றத்துல தண்ணி பாத்தீங்களே. எப்படி இருந்துச்சு?”

அவர் தலை லேசாகத் திரும்பியது.

“நல்ல தண்ணி” என்றார். “அங்க உப்பு வெளையாது.”

ஒரு மாதத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை. வாசற்படியில் முனியம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் அசையவில்லை. சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், அசையத் தெரியவில்லை. அவராகவே பேசினார். ஒவ்வொரு சொல்லும் தூரத்திலிருந்து நடந்து வருவது போல வந்தது. போன வருஷம் குவித்து வைத்திருந்த உப்பையெல்லாம் கோடை மழை கரைத்துக்கொண்டு போனதே, அது அவரால்தானாம். அதற்கு முந்தின நாள் அவர் திறக்கக் கூடாத நேரத்தில் மடையைத் திறந்தாராம். வானம் அதைப் பார்த்துவிட்டதாம். முந்தாநாள் பெய்ததும் அவரைத் தேடி வந்த மழைதானாம்.

“ஊரே என்னால பட்டினி கெடக்குது. நான் தண்ணிக்குள்ள போய்ட்டா மழ நின்னுடும்.”

“இப்பவும் போகணும்னு இருக்குதா?”

“இருந்துகினேதான் இருக்குது” என்றார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வது போல.

 அவருக்கு நோய் இருந்தது. ஆளைக் கொல்கிற நோய். என் பத்தியில் நான் எழுதிய வரிகளில் அது ஒன்றுதான் இல்லை. தப்பான காரணத்தைச் சொல்லி அவரை அடைக்கப் பார்த்தேன். அந்தத் தப்பைத் திருத்தப் போய், அடைத்தால் மட்டுமே பிழைக்கக்கூடிய ஆளை அவிழ்த்து விட்டுவிட்டேனோ? கோவிந்தன் எப்போது உள்ளே வந்தானோ, எனக்குப் பின்னால் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். “இப்ப எழுதுங்க சார்” என்றான். கோபம் இல்லை, கெஞ்சினான். பேனா பையில்தான் இருந்தது. இந்த முறை அந்தப் பத்தியை இரண்டே வரியில், நேர்மையாக நிரப்பலாம்.

ஏன் எழுதவில்லை என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். மனித உரிமை, சுதந்திரம் என்றெல்லாம் நானும் மேடையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவும் பொய். பயத்தில், இந்தப் பாரத்தை வேறு யார் தலையிலாவது இறக்கி வைக்கலாமா என்று சுற்றிலும் பார்த்தேன். முனியம்மாவால் இனி முடியாது. கோவிந்தனுக்கு அழுகை வந்துவிட்டது. மாஜிஸ்திரேட்டுக்கு ஜலதோஷம். மிச்சம் இருந்தது ஏழுமலைதான். மனு, சான்றிதழ், உத்தரவு என்று இத்தனை பேரைக் கேட்டாகிவிட்டது, அவரை மட்டும் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“ஏழுமலை, உங்களுக்கு ஒடம்பு ரொம்ப மோசமா இருக்குது. மனசுல வர்ற வியாதி. புதுச்சேரியில பெரிய ஆஸ்பத்திரி இருக்குது. நீங்களா வந்தா சேத்துக்குவாங்க. வர்றீங்களா?”

தானாக வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ள அந்தக் காலத்திலும் வழி இருந்தது. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான். ஏழுமலை தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டாம கூட்டிகினு போனா வர்றேன்.”

அன்றைய பஸ் போய்விட்டிருந்தது. அன்று இரவைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. விடிந்தது, அவர் இருந்தார். அது போதும்.

காலைப் பஸ்ஸில் மூவர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் முனியம்மா, நடுவில் ஏழுமலை, இந்தப் பக்கம் நான். கோவிந்தன் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். கட்டவில்லை. ஆனால் நாங்கள் மூன்று பேரும் அவரைச் சுற்றி அடைத்திருந்த விதத்தைப் பார்த்தால் கயிறே மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். பொம்மையார்பாளையம் வரைக்கும் சரியாகத்தான் போனது. அங்கே இன்ஜின் சூடேறி, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. ஏழுமலை எழுந்து நின்றார்.

“ஒண்ணுக்குப் போவணும்.”

முனியம்மா என்னைப் பார்த்தாள். கோவிந்தன் என்னைப் பார்த்தான். கண்டக்டரிலிருந்து கோழிக்கூடை வைத்திருந்த அம்மாள் வரைக்கும் என்னைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. போகக் கூடாது என்றால் கட்டுவதும் அதுவும் ஒன்று. போகலாம் என்றால் தோப்பு முழுசாக நூறு அடி இல்லை, அப்புறம் கடல். நான் ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் கடைசி. கோவிந்தனைக் கையால் நிறுத்திவிட்டு, “எனக்கும் போகணும்” என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

அவர் முன்னால் நடந்தார். நான் இரண்டு அடி பின்னால். உதிர்ந்த சவுக்குக் காய் செருப்பு ஓரமாகக் குத்தியது. வேலையை முடித்துவிட்டு அவர் திரும்பவில்லை. மரங்களுக்கு நடுவே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று என் கை இரண்டு தடவை எழும்பி இரண்டு தடவை இறங்கியது. அந்த நிமிஷத்தில் அவர் ஓடியிருந்தால், இந்தக் கதையை நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். யாருக்குமே சொல்லியிருக்க மாட்டேன். ஓடியிருந்தாலும், ஓடாமல் இருந்தாலும், நான் செய்ததில் சரியும் தப்பும் ஒரே அளவுதான்.

“அங்க கட்டுவாங்களா?” என்று கேட்டார், கடலைப் பார்த்தபடியே.

கட்ட மாட்டார்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பொய் எவ்வளவு அவசியம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

“தெரியல ஏழுமலை. கட்டக் கூடாதுன்னு சொல்லிப் பாக்கறேன். கேப்பாங்களான்னு தெரியல.”

அவர் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பவர் போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் திரும்பி என் கையைப் பார்த்தார்.

“நடுங்கறீங்களே சார்” என்றார். “வாங்க போலாம்.”

என் முழங்கையைப் பிடித்து அவர்தான் என்னைப் பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவத்தில் அவரே கைநாட்டு வைத்தார். கோர்ட் மனுவைக் கோவிந்தன் வாபஸ் வாங்கிக்கொண்டான். அங்கே அவரைக் கட்டவில்லை. முதல் இரண்டு வாரம் தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம் மட்டும் ஒரு ஆள் காவல் இருந்ததாக முனியம்மா சொன்னாள். வாரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வரும் வழியில் என் ஆஸ்பத்திரி வாசலில் நின்று “இருக்காரு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். அவள் மதியத்துக்குமேல் வருகிற நாளில், அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

இதைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாதவன்தான் நல்ல டாக்டர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிற்பாடு வேறு ஊரில், கேட்டுப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கடைசியில் ஒரு பெண்ணை அவள் கத்தக் கத்த அனுப்பக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு முன் மூன்று நாள் அவள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். குணமாகி வந்த பிறகும் அவள் என்னை மன்னிக்கவில்லை. தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உயிரோடு இருந்துதான் திருப்பிக்கொண்டாள். அவளைக் கேட்டால் நான் செய்தது சரியில்லை என்பாள், அவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருக்கிறது. எனக்கு இரண்டு பக்கத்துக்கும் விடை தெரியாது. பயம் மட்டும் தெரியும். கையெழுத்துப் போடும்போது கை நடுங்காத நாள் வந்தால், பேனாவைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

ஏழுமலை சித்திரை மாதம் ஊருக்கு வந்தார். உடம்பு இளைத்திருந்தது, சாப்பிடுவதாகவும் தூங்குவதாகவும் சொன்னார்கள். பாத்தியில் மறுபடி தண்ணீர் பார்க்க ஆரம்பித்தார். மாத்திரைக்கு என்னிடம்தான் வர வேண்டும், கோவிந்தனை அனுப்பிவிடுவார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவரே வந்தார். உப்பளத்தில் காலில் ஏதோ கிழித்துப் புண்ணாகியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தவர் காலைக் காட்டவில்லை.

“என்னப் பத்தி ஒரு பேப்பர் எழுதினீங்களாமே. அதப் படிச்சுக் காட்டுங்க.”

அலுவலக நகல் அலமாரியில் இருந்தது. தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எடுத்து, தமிழில், ஒரு வரி விடாமல் சொன்னேன். கடைசி வரி சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை. அவர் கோபப்படுவார், இல்லையென்றால் கம்பவுண்டர் மாதிரி சிரிப்பார் என்று நினைத்தேன்.

“இத யாரெல்லாம் படிச்சாங்க?”

“இன்னொரு டாக்டர். மாஜிஸ்திரேட்.”

“அவங்க என்னப் பாத்தாங்களா?”

“இல்ல.”

 அவர் வேட்டியை முழங்காலுக்குமேல் ஒதுக்கி, காலைத் தூக்கி என் மேஜை விளிம்பில் வைத்தார்.

“சரி, இதப் பாருங்க” என்றார்.

நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.